பினாங்கு மலைச்சரிவு மேம்பாட்டு விதிகளில் பொருள் மயங்கும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவின் நடுவே 833 மீட்டர் உயரக் கொடிமலையும் அதைச் சுற்றிக் குன்றுகளும் நிற்பதால், கட்டடம் எழுப்பச் சமநிலம் அங்கே எப்போதும் குறைவு. கரையோரம் நிரம்பிய பின் பாயா தெருபோங், சுங்கை ஆரா, தஞ்சோங் பூங்கா போன்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் சரிவுகளில் ஏறத் தொடங்கின. அப்படி ஒரு திட்டம் பக்கத்து மனையில் வரும்போது, விதி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருக்கிறது. அதில் உள்ள சொல் எதைக் குறிக்கிறது என்பதில்தான் தகராறு எழுகிறது. குடியிருப்பாளர் சங்கங்களும் கொண்டோமினிய நிர்வாகக் கழகங்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

மலைச்சரிவுக் கட்டுமானத்துக்கு எந்தெந்த ஆவணங்கள் பொருந்தும்?

ஒரே ஆவணத்தில் எல்லாம் அடங்கியிருந்தால் பாதித் தகராறு இருக்காது. நாடாளுமன்றச் சட்டங்கள் முதல் படியில் உள்ளன: 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம், 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். திட்டமிடல் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டு அரசிதழில் வெளியாகும் மாநில அமைப்புத் திட்டமும் (மாநிலம் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுக் கொள்கை) உள்ளூர்த் திட்டமும் (ஒரு பகுதிக்கான விரிவான திட்டம்) அடுத்த படியில் வருகின்றன. மாநில அரசும் கூட்டரசுத் துறைகளும் வெளியிடும் வழிகாட்டிகள் கடைசிப் படி. திட்டங்களுக்கு அனுமதி வழங்கும் ஊராட்சி மன்றத்தின் முகப்பில் அதிகமாகக் கைமாறுவதும் எளிதில் கிடைப்பதும் இந்த வழிகாட்டிகள்தான் என்பதால், பலர் அவற்றையே சட்டம் என எண்ணிவிடுகின்றனர். ஒரு சொல்லின் பொருளைத் தேடுமுன் அது எந்தப் படியில் உள்ள ஆவணத்தில் வருகிறது என்று பாருங்கள்.

பதிப்பையும் கவனிக்க வேண்டும். பலரும் மேற்கோள் காட்டும் அமைப்புத் திட்டம் 2007-இல் அரசிதழில் வெளியாகி 2020 வரையிலான காலத்தை நோக்கியது. அதன் பின் 2030-ஐ நோக்கிய திட்டம் வந்துவிட்டது. விண்ணப்பம் எந்தத் திட்டத்தின் காலத்தில் பரிசீலிக்கப்பட்டதோ, அந்தத் திட்டத்தின் சொற்களைத்தான் படிக்க வேண்டும்.

“மலை நிலம்” என்றால் என்ன?

இந்தச் சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வழங்குகிறது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

நிலப் பாதுகாப்புச் சட்டத்தில் உயரமோ சரிவோ அளவுகோல் அல்ல. மாநில அரசு அரசிதழ் அறிவிப்பின் மூலம் எந்தப் பகுதியை மலை நிலம் என அறிவிக்கிறதோ, அதுவே மலை நிலம்; அங்கே அனுமதியின்றி மரம் செடிகளை அகற்றவோ பயிரிடவோ கூடாது. ஆகவே செங்குத்தான ஒரு மனை அறிவிப்புக்கு வெளியே இருந்தால், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அது மலை நிலமே ஆகாது. முன்பு அறிவிக்கப்பட்ட மனை பின்னர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கவும் கூடும். நில அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்து, அறிவிப்பு எப்போது வந்தது, நீக்கம் ஏதும் உண்டா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் பாதி விடைதான் வரும்.

2007 அமைப்புத் திட்டம் அளவுகோலை எண்ணாகவே தந்தது. கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது பழைய கணக்கில் 250 அடிக்கு மேற்பட்ட நிலமும் 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலமும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

நகர், கிராமத் திட்டமிடல் துறையின் கூட்டரசு வழிகாட்டியோ 150 மீட்டருக்குக் கீழ் உள்ளதைத் தாழ்நிலம் என்றும், 150 முதல் 300 மீட்டர் வரை மலை நிலம் என்றும், 300 முதல் 1,000 மீட்டர் வரை மேட்டுநிலம் என்றும், அதற்கு மேற்பட்டதை மலைத்தொடர் என்றும் வகுக்கிறது. 100 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மனை இதன்படி தாழ்நிலம். 2007 மாநிலத் திட்டத்தின்படி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிலம். நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரசிதழைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாத நிலம். “இது மலை நிலம் அல்ல” என்று ஓர் அதிகாரியோ மேம்பாட்டாளரோ சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. எந்த ஆவணத்தின்படி அல்ல என்று எழுத்தில் கேளுங்கள். (விற்பனைக் கையேட்டில் மலைவாழ்வின் குளிர்ச்சியைப் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, விண்ணப்பத்தில் மட்டும் மனை மலையில் இல்லை என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு.)

76 மீட்டர் என்பது நிலத்தின் உயரமா, கட்டடத்தின் உயரமா?

நிலத்தின் உயரம். 60 மீட்டர் மட்டத்தில் அடித்தளம் போட்டு 40 மாடி எழுப்பினாலும் அந்த விதி தொடாது. 80 மீட்டர் மட்டத்தில் ஒரு மாடி வீடு கட்டினாலும் தொடும். சிக்கல் வருவது எல்லைக்கோடு மனையின் ஊடே செல்லும்போதுதான். அப்போது கட்டடங்களைக் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொண்டு, மேற்பகுதியைத் திறந்தவெளி என்று காட்டுவது வழக்கம். அந்தத் திறந்தவெளிக்குள் அணுகுசாலை, தண்ணீர்த் தொட்டி, தடுப்புச் சுவர், வடிகால் ஏதும் வரைபடத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் பார்வையில் மேம்பாடு என்பதில் கட்டடம் எழுப்புவதோடு நிலத்தில் செய்யும் பொறியியல் வேலைகளும் அடங்கும்.

25 பாகைச் சரிவை எப்படி அளப்பது? முழு மனையின் சராசரியா, ஒவ்வோர் இடத்தின் சரிவா?

மற்றக் கேள்விகள் எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக விளையாட்டு நடக்கிறது என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கிடைமட்டத்தில் 100 மீட்டர் நீளமுள்ள மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 60 மீட்டர் 10 பாகையில் மெல்ல ஏறுகிறது. அடுத்த 40 மீட்டர் 40 பாகையில் செங்குத்தாக ஏறுகிறது. முதல் பகுதியில் ஏறும் உயரம் ஏறத்தாழ 10.6 மீட்டர், இரண்டாம் பகுதியில் 33.6 மீட்டர், மொத்தம் 44 மீட்டர் சொச்சம். அடியிலிருந்து உச்சிக்கு ஒரே கோடு இழுத்துச் சராசரி எடுத்தால் 24 பாகைகூட வராது. மனையில் ஐந்தில் இரண்டு பங்கு 40 பாகைச் சரிவாக இருந்தும், சராசரிக் கணக்கில் அந்த மனை 25 பாகை வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

நிலம் சரிவது சராசரியைப் பார்த்து அல்ல. மலேசியாவில் சரிவுகள் 15 பாகைக்குக் கீழ் முதல் வகுப்பு, 15 முதல் 25 வரை இரண்டாம் வகுப்பு, 25 முதல் 35 வரை மூன்றாம் வகுப்பு, 35-க்கு மேல் நான்காம் வகுப்பு என்று பிரிக்கப்படுகின்றன. இந்த வகுப்புகளை மனைக்குள் பகுதி பகுதியாக நிறம் தீட்டிக் காட்டும் சரிவு வரைபடத்தைக் கேட்பதே முறை. அந்த வரைபடத்திலும் எத்தனை மீட்டர் கட்டமாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள் என்பது முக்கியம். 20 மீட்டர் கட்டத்தில் கணக்கிட்டால், 5 மீட்டர் அகலமுள்ள ஒரு செங்குத்தான விளிம்பு சுற்றியுள்ள சமதளத்தோடு கலந்து காணாமலே போய்விடும்.

நில அளவையாளர் இல்லாமலே ஒரு முதற்சோதனை செய்யலாம். 1 மீட்டர் உயர இடைவெளியில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வரையப்பட்ட, 1:500 அளவிலான வரைபடத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். 25 பாகைச் சரிவில் 1 மீட்டர் ஏறுவதற்குக் கிடைமட்டத்தில் 2.14 மீட்டர் வேண்டும். வரைபடத்தில் அது 4.3 மில்லிமீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர்கூட இல்லாத இடமெல்லாம் 25 பாகையைத் தாண்டிய இடம். வரைபடத்தைச் சிறிதாக்கி அச்சிட்டிருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. எனவே வரைபடத்திலேயே உள்ள அளவுப் பட்டையோடு முதலில் ஒத்துப்பாருங்கள்.

பாகையும் விழுக்காடும் ஒன்றா?

அல்ல. 25 பாகை என்பது ஏறத்தாழ 47 விழுக்காடு. 25 விழுக்காடு என்பது வெறும் 14 பாகை. அறிக்கையில் அலகு இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அதை வைத்து வாதாடாதீர்கள், அலகை எழுதித் தரச் சொல்லுங்கள்.

முன்பே வெட்டிச் சமன் செய்த நிலத்தின் சரிவு எது? இயற்கைச் சரிவா, இப்போதுள்ள சரிவா?

சரிவு விதியின் நோக்கம் மலையை வெட்டுவதைக் கட்டுப்படுத்துவது. வெட்டிய பின் உள்ள சரிவை அளவாக ஏற்றால், முதலில் வெட்டியவருக்கு விதி விலகிப்போகும். அதனால் வேலை தொடங்குமுன் இருந்த நிலவடிவத்தையே அளவாகக் கொள்வதுதான் நோக்கத்தோடு ஒத்துப்போகும் பொருள் என்பது என் கருத்து. பழைய நில அளவை வரைபடங்களும் வான்வழிப் படங்களும் இங்கே பயன்படும்.

ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை செயற்கைச் சரிவு இயற்கைச் சரிவைவிட எவ்விதத்திலும் சாது அல்ல. 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் 11 பேர் மாண்டனர். மறு ஆண்டு அதே அக்டோபர் மாதத்தில் புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் 9 பேர் மாண்டனர். இரண்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடங்கள். ஆகவே அனுமதி பற்றிய வாதத்துக்கு இயற்கைச் சரிவையும், பாதுகாப்புப் பற்றிய வாதத்துக்கு வேலை முடிந்த பின் நிற்கப்போகும் சரிவையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் ஒன்றுக்கான விடையைக் கொண்டு மற்றொன்றைத் தட்டிக்கழிக்க இடம் கிடைத்துவிடும்.

“சிறப்புத் திட்டம்” என்பதில் வீடமைப்பும் அடங்குமா?

2007 அமைப்புத் திட்டம் மலை நிலத்தில் மேம்பாட்டைத் தடுத்த அதே இடத்தில், சிறப்புத் திட்டங்களுக்கு வரையறுக்கப்பட்ட அளவில் விலக்கும் வைத்தது. சிறப்பு எது என்பதுதான் தகராறு. பின்னர் மாநிலத் திட்டமிடல் குழு வகுத்த வழிகாட்டி, அமைப்புத் திட்டம் வருமுன்பே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்த மனைகளையும் சிறப்புத் திட்டம் என்ற குடைக்குள் கொண்டுவந்தது. அப்படிப் படித்தால், மலையில் வழக்கமான வீடமைப்பே சிறப்பாகிவிடும்.

சுங்கை ஆரா மலைச்சரிவில் ஏறத்தாழ 600 வீடுகள் கட்டும் திட்டத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. அன்றைய நகராண்மைக் கழகம் அனுமதி வழங்கியது. அருகில் குடியிருந்தோர், திட்டமிடல் அனுமதி மீதான முறையீடுகளை விசாரிக்கும் மேல்முறையீட்டு வாரியத்துக்குச் சென்றனர். வாரியம் 2015-இல் அனுமதியை ரத்து செய்தது. அதன் பின் வழக்கு மேம்பாட்டாளர் பக்கம் சாய்ந்து, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் குடியிருப்பாளர்கள் தோற்றார்கள். ஒரு கொண்டோமினியத்தின் நிர்வாகக் கழகம் விடாமல் மேலே கொண்டுசென்ற முறையீட்டில், 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் வாரியத்தின் முடிவை மீண்டும் நிலைநாட்டியது.

அந்தத் தீர்ப்பில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எந்த வழியில் சென்றது என்பது. அமைப்புத் திட்டம் வெறும் அறிவுரை அல்ல, ஊராட்சி மன்றத்தைக் கட்டுப்படுத்துவது. திட்டமிடல் சட்டத்தின் 22-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, மேம்பாட்டுத் திட்டத்துக்கு முரணான அனுமதியை வழங்கவே கூடாது என்கிறது; உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் அமைப்புத் திட்டமே அந்த மேம்பாட்டுத் திட்டம். மாநிலக் குழு பொதுப் பணிப்புகள் வழங்கலாம், ஆனால் அவை சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. எனவே மேற்படியில் உள்ள ஆவணம் சுருக்கி வைத்த விலக்கைக் கீழ்ப்படியில் உள்ள வழிகாட்டி விரித்துவிட முடியாது.

உங்கள் பகுதியில் இப்போதுள்ள திட்டத்தில் அந்தச் சொல் வேறு விதமாக வரையறுக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் வரையறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அரசிதழில் வெளியான திட்டத்துக்குள்ளேயே இருந்தால் அதற்கு ஒரு வலு, தனி வழிகாட்டியில் இருந்தால் வேறு வலு.

அப்படியானால் வழிகாட்டிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லையா?

பொருட்படுத்த வேண்டும். அவை சட்டத்தின் வாயிலைத் திறந்துவிட முடியாதே தவிர, உள்ளே வருபவருக்குக் கூடுதல் நிபந்தனை விதிக்கப் பயன்படும். மலைத்தளக் கட்டுமானத்துக்காகப் பினாங்கு அரசு 2012-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டி இந்த வகை. அபாயம் கூடிய சரிவுகளில் வடிவமைத்த பொறியாளரோடு தொடர்பில்லாத ஒரு சுயேச்சைச் சரிபார்ப்பாளர் கணக்குகளைச் சோதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு மலேசியப் பொறியாளர் வட்டாரத்தில் நெடுங்காலமாக வலியுறுத்தப்படுகிறது. இங்கே “சுயேச்சை” என்ற சொல்லையும் கேள்வி கேளுங்கள்: அவரை நியமித்தவர் யார், கட்டணம் கொடுப்பவர் யார், அவர் அறிக்கை மன்றத்துக்கு நேராகப் போகிறதா, மேம்பாட்டாளர் வழியாகப் போகிறதா.

“அண்டை நிலம்” யாருடையது? என் வீடு அதில் வருமா?

உள்ளூர்த் திட்டம் நடைமுறையில் இல்லாத பகுதியில், விண்ணப்பம் வந்ததும் அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். அண்டை நிலம் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. மனையை ஒட்டிய நிலம் ஒன்று. சாலை, சந்து, வடிகால் அல்லது ஒதுக்கு நிலத்துக்கு அப்பால் உள்ள நிலம் இரண்டாவது. ஆனால் அந்த இடைவெளி 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. மனைக்குச் செல்லும் சாலை முட்டுச்சாலையாக இருந்து, அதையே நீங்களும் பயன்படுத்தினால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம் மூன்றாவது.

மலைப்பகுதியில் இந்த மூன்றாவது வகை பெரிதும் உதவும், ஏனெனில் அங்கே பல சாலைகள் மேலே போய் முடிந்துவிடுபவை. மறுபுறம், சரிவின் அடியில் 300 மீட்டர் தொலைவில், சேறு வந்து இறங்கக்கூடிய இடத்தில் வாழ்பவர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. நீரும் மண்ணும் எங்கே இறங்கும் என்று பாராமல் எல்லைக்கோட்டிலிருந்து தூரம் அளக்கும் வரையறை மலைக்குப் பொருந்தாது என்றே சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. உங்கள் மனை அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டத்துக்குள் வருகிறதா என்பதையும் மன்றத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தால் இந்த அறிவிப்பு உரிமை எழாது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் வரும் “50 விழுக்காடு” எதில் 50 விழுக்காடு?

இந்த மதிப்பீடு எந்தத் திட்டங்களுக்குத் தேவை என்று பட்டியலிடும் 2015-ஆம் ஆண்டு ஆணை 25 முதல் 35 பாகைக்குள் சரிவுள்ள பரப்பைப் பற்றிப் பேசுகிறது. அதில் பாதிக்கும் குறைவாக மேம்படுத்தினால் முதல் அட்டவணை, பாதியோ கூடுதலோ என்றால் இரண்டாம் அட்டவணை. இரண்டாம் அட்டவணையில் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்பதால் வேறுபாடு சிறிதல்ல. சதவீதத்தின் அடிமானமாக முழு மனைப் பரப்பை எடுத்தால் எண் சுருங்கும். சரிவுள்ள பரப்பை மட்டும் எடுத்தால் பெருகும். மனையை இரு விண்ணப்பங்களாகப் பிரித்தாலும் எண் மாறும். அடிமானமாக எதை எடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியைச் சுற்றுச்சூழல் துறைக்கு எழுதி அனுப்புங்கள்.

என் வீட்டுப் பின்புறச் சரிவில் ஒரு தடுப்புச் சுவர் கட்டவும், இரண்டு மரங்களை வெட்டவும் அனுமதி வேண்டுமா?

வேண்டியிருக்கும். சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவில் “மண் வேலை” என்பதற்கு மிக விரிந்த பொருள் உண்டு: தோண்டுதல், சமன் செய்தல், நிரப்புதல், அடித்தளம் போடுதல் மட்டுமின்றி மரம் வெட்டுவதும் அதற்குள் வரும். திட்டமிடல் சட்டம் தனியாக, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை மன்றத்தின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கிறது. 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு 25 சென்டிமீட்டர்தான். இதைக் குறுக்களவு என்று நினைத்து, “அவ்வளவு பெரிய மரம் இல்லை” என்று வெட்டிவிட்டு அபராதத் தாளோடு வருபவர்கள் உண்டு. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு இருக்கிறது. வெட்டுமுன் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொல் இரு பொருள்படும்போது எந்தப் பொருளை எடுப்பார்கள்?

சட்ட விளக்கச் சட்டத்தின் 17ஏ பிரிவு, ஒரு சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுத்துச் செல்லும் பொருளையே, அவ்வாறு செல்லாத பொருளைவிட விரும்பி ஏற்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் கடிதத்தில் சொல்லுக்கு அகராதிப் பொருள் தேடுவதைவிட, அந்த விதி எதைத் தடுக்க வந்தது என்பதை அதே ஆவணத்தின் வேறு பகுதிகளிலிருந்து எடுத்துக்காட்டுவது பயன் தரும். சொல் தெளிவாக இருக்கும் இடத்தில் நோக்கத்தைச் சொல்லி அதை வளைக்க முடியாது. அண்டை நிலத்தின் 20 மீட்டர் வரம்பு அப்படிப்பட்டது.

இப்போது விட்டுவிட்டு, பின்னால் சரிவு இடிந்தால் மன்றத்தின் மீது வழக்குப் போடலாமே?

அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம். 1993 டிசம்பர் 11-இல் சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். வீடிழந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு மன்றத்துக்குத் தரும் பாதுகாப்பு அதில் முக்கியக் காரணம். கேள்வி கேட்க வேண்டிய காலம் அனுமதிக்கு முன்னும், அனுமதி வந்த உடனேயும்தான்.

எவ்வளவு காலத்துக்குள் செயல்பட வேண்டும்?

ஆட்சேபம் தெரிவித்த அண்டை உரிமையாளர், முடிவு தமக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குச் செல்ல வேண்டும். ஆட்சேபமே தராதவருக்கு அந்த வழி இல்லை. அவர் உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோரலாம், அதற்குக் கெடு மூன்று மாதம். மன்றத்தின் கடிதம் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். எந்த நாளில் தெரிவிக்கப்பட்டது என்ற தகராறில் அஞ்சல் முத்திரையே சாட்சி. நிர்வாகக் கழகமாக இருந்தால், வழக்காடச் சம்மதிக்கும் தீர்மானத்தை இந்த ஒரு மாதத்துக்குள்ளேயே நிறைவேற்றியாக வேண்டும். பொதுக்கூட்ட அறிவிப்புக்கான நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் கையில் இருப்பது மிகச் சில நாள்களே.